கப்பல் காரோட நம்பரு ஊர் சுத்துன கதை

சத்தியமாச் சொல்றேன், இதுல ஒரு எழுத்து பொய்யில்ல. பொய்யின்னு யாராச்சும் நிரூபிச்சா என் மீசையில பாதிய எடுத்துக்கலாம், எந்தப் பாதின்னு அவங்களே சொல்லிக்கலாம். நான் மூணாங்கிளாசோட நின்னவன். பொய்யெல்லாம் அதுக்கு மேல் கிளாசுல சொல்லிக் குடுக்குறது, அதனால எனக்கு அது வராது.

கருவேலம்பட்டி வண்டி ஆபீசு வாசல்ல, ஜெராக்ஸ் கடைக்கும் மைமூன் டீக்கடைக்கும் நடுவால, இருபத்தெட்டு வருஷமா சவரிமுத்துன்னு ஒரு ஆளு இருந்தாரு. தொழிலு என்னன்னா, அடுத்தவன் வண்டிக்கு அடியில படுக்குறது. சிரிக்காதீங்க. லாரியோ காரோ எஃப்.சி.க்கு வந்துச்சுன்னா அதோட சேஸ் நம்பரைப் பேப்பர்ல பென்சில் தேய்ச்சு எடுத்துக் குடுக்கணும், மனுசனுக்குக் கைநாட்டு மாதிரி வண்டிக்கு அது. ஆனா அந்த நம்பரு எங்க இருக்குன்னு வண்டி ஓட்டுறவனுக்கே தெரியாது. ஒரு வண்டிக்கு முன் சக்கரத்துக்கு உள்பக்கச் சட்டத்துல இருக்கும், ஒண்ணுக்கு டிரைவர் சீட்டுக்கு அடியில இருக்கும், இன்னொண்ணுக்கு பானட்டைத் தூக்குனா எதிர்த் தகட்டுல இருக்கும், அதுக்கு மேல முப்பது வருஷத்துச் சேறும் கிரீசும் மூணு கோட்டு பெயிண்டும் மூடிக் கெடக்கும். சவரிமுத்து கண்ணை மூடி விரலால தடவுவாரு. தடவிக்கிட்டே போயி ஒரு எடத்துல நிப்பாரு. “இந்தா இருக்காரு”ம்பாரு. மண்ணெண்ணெய்த் துணியால ஒரு தொடை, உப்புத்தாளால ஒரு இழுப்பு, பேப்பரை அமுக்கி வெச்சு பென்சிலைப் படுக்கப் போட்டுத் தேச்சாருன்னா, கறுப்புக்கு நடுவுல நம்பரு வெள்ளையா எந்திரிச்சு வரும்.

ஊருக்குள்ள அவருக்குப் பேரு பென்சிலு. சவரிமுத்துங்கிற பேரு ரேஷன் கார்டுல மட்டும்தான் இருந்துச்சு, அந்தக் கார்டுலயும் அது ஒத்தையாத்தான் இருந்துச்சு. கல்யாணம் ஆகல. ரெண்டு எடத்துல பொண்ணு பாக்கப் போனாரு. ரெண்டு எடத்துலயும் பொண்ணு காப்பித் தட்டோட வந்து நிக்கையில, இவரு பழக்க தோசத்துல தலையைச் சாய்ச்சு நாற்காலிக்கு அடியில நம்பரு தேடிக்கிட்டு இருந்தாருன்னு சொல்லுவாங்க. மூணாவது எடம் பாக்க ஆளு இல்ல.

வீடுன்னு பாத்தா ஒரு காருதான். ஆபீசுக்குப் பின்னால பொட்டல்ல நிக்கும், நீட்டமா, உருண்டையா, கப்பல் மாதிரி. பத்தொம்பது வருஷத்துக்கு முன்னால மலைத்தோட்டத்துக்காரர் ஒருத்தரு பேரு மாத்தணும்னு ஓட்டிக்கிட்டு வந்தாரு, “ஒரு டீ குடிச்சிட்டு வர்றேன், பாத்துக்கப்பா”ன்னு சவரிமுத்துகிட்டச் சொல்லிட்டுப் போனாரு. இன்னும் குடிச்சு முடிக்கல. கம்பெனி பேரு போட்ட வில்லை வரும்போதே இல்ல, அதனால எந்தச் சீமை, எந்தக் கம்பெனின்னு ஒருத்தருக்கும் தெரியாது. சவரிமுத்து முதல்ல பகல்ல காவல் இருந்தாரு, அப்புறம் மழைக்கு உள்ள ஏறி உக்காந்தாரு, அப்புறம் பின் சீட்டுல தலகாணி வந்துச்சு, அப்புறம் டிக்கியில ஒரு சட்டி, ஒரு தட்டு, ஒரு தம்ளரு வந்துச்சு. எல்லாம் ஒவ்வொண்ணுதான்.

சாயங்காலம் ஆபீசைப் பூட்டுனதும் மத்தவங்கெல்லாம் போனை எடுத்து எங்க இருக்க, சாப்பிட்டியான்னு வீட்டுக்குப் பேசுவாங்கள்ல, அந்த நேரத்துல இவரு கப்பலோட பானட்டைத் தூக்கி, எதிர்த் தகட்டுல அடிச்சிருக்குற நம்பரை ஒரு பிரிண்ட் எடுப்பாரு. எதுக்கு? சும்மாதான். இருக்கியான்னு கேக்குறது. இருக்கேன்னு அது பேப்பர்ல வந்து நிக்கும். அதை ஒரு பிஸ்கட்டு டின்னுல போட்டு மூடிட்டுப் படுத்துக்குவாரு. பத்தொம்பது வருஷம், ஒரு நாள் தப்பாம.

“அதுல அப்படி என்னதாண்ணே எழுதியிருக்கு?”ன்னு ஒருக்கா மைமூன் கேட்டுச்சு. டீக்கடைக்கார மைமூன், வாய் நீளம், கை அதைவிட நீளம், சக்கரையை அள்ளிப் போட்டுரும்.

“கே, அம்பத்தாறு, மூணு, நானூத்திப் பதினேழு”ன்னாரு சவரிமுத்து. “கே-ங்கிறது என்ன ரகம்னு. அம்பத்தாறு, பொறந்த வருஷம். மூணுன்னா கடல் தாண்டி வெளியூருக்கு அனுப்ப செஞ்சதுன்னு அர்த்தமா இருக்கணும், ஸ்டீரிங்கு இருக்குற பக்கம் அப்படித்தான் சொல்லுது. கடைசியில இருக்குறது, அந்த வருஷம் அந்த ரகத்துல இவரு எத்தனாவது பிள்ளைன்னு.”

“ஆத்தாடி, நானூத்திப் பதினாறு அண்ணன்மாரா!”

“எல்லாரும் எந்த ஊர்ல கெடக்காங்களோ”ன்னு சொல்லிட்டு இவரு டீயை ஊதுனாரு.

இப்படி இருக்கையில, ஆபீசுக்குப் புதுசா ஒரு பிரேக் இன்ஸ்பெக்டரம்மா வந்துச்சு, கனகவல்லின்னு பேரு. மேலிடத்து உத்தரவு ஒண்ணை நோட்டீஸ் போர்டுல ஒட்டிட்டு, பொட்டலுக்கே நடந்து வந்து சவரிமுத்துகிட்ட வாயாலயும் சொல்லுச்சு. கேப்பாரில்லாம நிக்கிற பழைய வண்டிக்கெல்லாம் நம்பர் பாக்கணும். நம்பர் இருந்தா அது வண்டி, வெச்சுக் காப்பாத்துறவங்க பேருக்கு எழுதித் தரலாம். நம்பர் இல்லாட்டி அது இரும்பு, கிரேன் வந்து தூக்கிட்டுப் போயிரும், அமுக்கிச் சப்பட்டையாக்கிருவாங்க.

“முப்பதாந் தேதி காலைல பத்து மணிக்கு நான் முன்னால நிக்க, நீங்களே பிரிண்ட் எடுத்துக் குடுங்கய்யா. உங்களுக்குத் தெரியாத நம்பரா?”

“டின்னு நெறைய இருக்கும்மா”ன்னாரு இவரு. வாழ்க்கையில மொத மொதல்ல நெஞ்சை நிமித்துனாரு.

அன்னிக்குச் சாயங்காலம் பானட்டைத் தூக்குனா, தகடு மொழுக்குன்னு இருக்கு. துரு இல்ல, கீறல் இல்ல, தோசைக்கல்லு மாதிரி இருக்கு. விரலால தடவுறாரு, கிழக்கே போறாரு, மேற்கே போறாரு, ஒரு பள்ளமும் தட்டல. ஓடிப் போயி பிஸ்கட்டு டின்னைத் திறந்தா, பத்தொம்பது வருஷத்துப் பேப்பரும் வெறும் கறுப்பு. நம்பரு போகும்போது தன் போட்டோவையெல்லாம் எடுத்துக்கிட்டுப் போயிருச்சு.

ஊரு இதுக்கு ஆச்சரியப்படல. “பின்ன? தெனமும் தொட்டுத் தொட்டு இருக்கியா இருக்கியான்னா யாருக்குத்தான் எரிச்சல் வராது? பத்தொம்பது வருஷம் பொறுத்ததே பெருசு”ன்னு மைமூன் சொல்லுச்சு. புரோக்கர் கோட்டைச்சாமிக்கு அது பத்தல. ஆபீசு வாசல்ல ஆளைக் கலாய்க்கிறதையே பொழப்பா வெச்சிருக்கிற ஆளு அது. “யோவ் பென்சிலு, பஸ் ஸ்டாண்டுல பாத்தியா? கே-யைத் தனியா விட்டுட்டு மத்ததெல்லாம் மதுரை பஸ் ஏறிருச்சாம்யா”ன்னு நாலு பேரு கேக்கக் கத்துனாரு. நாலு பேரும் சிரிச்சாங்க. சவரிமுத்தும் சிரிச்சாரு, அப்பத்தான் சீக்கிரம் விடுவாங்கன்னு.

மறுநாள் காலையில நம்பரு மைமூன் கடை பாய்லர்ல இருந்துச்சு. வெந்நீர்க் குழாய்க்கு மேல, சுத்தமா, கே-56-3-0417. மைமூன் அதைத் துணியால தொடைச்சு, “உங்காளு வந்திருக்காருண்ணே, சீக்கிரம் வாங்க”ன்னு சத்தம் போட்டுச்சு. இவரு பென்சிலோட ஓடி வர்றதுக்குள்ள நம்பரு எறங்கிப் போயிருச்சு, பாய்லரு மட்டும் கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. “வந்தது வந்துட்டீங்க, உக்காருங்க”ன்னு மைமூன் உள்ள கூட்டிட்டுப் போயி ஆப்பம் போட்டுக் குடுத்துச்சு. இருபத்தெட்டு வருஷம் அந்தக் கடை வாசல்ல டீ குடிச்ச மனுசன், கடைக்கு உள்ள ஒரு வீடு இருக்குன்னு அன்னிக்குத்தான் பாத்தாரு.

அதுக்கப்புறம் நம்பரு ஊரையே சுத்துச்சு. தையக்காரர் தங்கையா வீட்டுக் கத்திரியில ஒரு நாள் இருந்துச்சு, மாரியம்மன் கோயில் மணியில ஒண்ணரை நாள் இருந்துச்சு, ரேஷன் கடை எடைக்கல்லுல ஒரு மத்தியானம் இருந்துச்சு, அன்னிக்கு மட்டும் எடை சரியா இருந்துச்சுன்னு பேசிக்கிட்டாங்க. பள்ளிக்கூடத்து இரும்பு கேட்டுல, இட்லிக் குண்டால, முனிசிபாலிட்டி குழாயில, ஒருத்தர் வீட்டு நெலைக் கதவு தாப்பாள்ல இருந்துச்சு, அஞ்சு நாளாப் பேசாம இருந்த புருசன் பொண்டாட்டி வீட்டுல ரெண்டு பேரு தட்டுலயும் பாதிப் பாதியா இருந்துச்சு, அதைப் படிக்கிறதுக்காக அவங்க தட்டைச் சேத்து வெச்சாங்க. ஊரு தானா ஒரு முறை வெச்சுக்கிச்சு: நம்பரு வந்த சாமானை அன்னிக்குச் சாம்பல் போட்டுத் தேய்க்கக் கூடாது, ஒரு சொட்டு தேங்காயெண்ணெய் தடவணும், தொந்தரவு பண்ணாம படிச்சுக்கணும், பென்சிலுக்கு ஆள் அனுப்பணும், அந்தாளு வந்து பாத்து ஏமாந்து நிக்கையில வெறும் வயித்தோட அனுப்பக் கூடாது. பால்காரன் வந்தா பால் வாங்குற மாதிரி, நம்பரு வந்தா இதெல்லாம் செஞ்சாங்க. ஆட்டோக்காரன், பூக்காரி, எல்லாருக்கும் கே-ன்னா ரகம், அம்பத்தாறுன்னா வருஷம்னு தண்ணிபட்ட பாடு ஆயிருச்சு. நம்பரு வராத தெருக்காரங்க, எங்க தெருவுக்கு என்ன கொறைச்சல்னு கவுன்சிலர்கிட்ட மனு குடுத்தாங்க.

சவரிமுத்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஓடுனாரு. ஒவ்வொரு வீட்டுக்கும் கொஞ்சம் பிந்திப் போனாரு. போன எடத்துல விரலை வெச்சுப் பாப்பாரு, இரும்பு இன்னும் வெதுவெதுன்னு இருக்கும், இப்பத்தான் எந்திரிச்சுப் போன ஆளோட நாற்காலி மாதிரி. அப்புறம் அவங்க சோறு போடுவாங்க. சாப்பிடும்போது பக்கத்துல ஆள் உக்காந்து, இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்தவான்னு கேக்குறது அவருக்குப் புதுசு. போதும்னு எப்ப சொல்லணும்னு தெரியாம முதல் வாரம் வயிறு ஊதிப் போச்சு. தங்கையா சம்சாரம் பொன்னுத்தாயிதான் மொதல்ல கேட்டுச்சு:

“அண்ணே, உங்களுக்கு நெசப் பேரு என்ன? சோறு போட்டுட்டு பென்சிலேன்னு கூப்பிட ஒரு மாதிரி இருக்கு.”

இவருக்கு டக்குன்னு வரல. ரேஷன் கார்டை நெனச்சுப் பாத்துத்தான் சொன்னாரு. “சவரிமுத்து.”

“நல்ல பேரா வெச்சுக்கிட்டு ஒளிச்சு வெச்சிருக்கீங்களே. சவரிமுத்தண்ணே, ரசம்?”

ஆனா சாயங்காலமானா கப்பலுக்குத்தான் திரும்பணும். பானட்டைத் தூக்குவாரு, மொழுக்குன்னு இருக்கும், மூடுவாரு. எல்லார் வீட்டுக்கும் போற நம்பரு தன் வீட்டுக்கு மட்டும் வரலியேன்னு பின் சீட்டுல படுத்துக்கிட்டு யோசிப்பாரு. கேக்க ஆளில்லாததால மேக்கூரைத் துணியில இருக்குற கிழிசல்கிட்டக் கேப்பாரு. இருபத்தஞ்சு ஆச்சு, இருபத்தெட்டு ஆச்சு, இருபத்தொம்பது ஆச்சு.

முப்பதாந் தேதி விடிஞ்சு, சும்மா ஒரு பழக்கத்துக்கு பானட்டைத் தூக்குனாரு. நம்பரு இருந்துச்சு.

அதே எடத்துல, அதே வரிசையில, கே-56-3-0417. ஆனா ஊர் சுத்துன களைப்பு தெரிஞ்சுச்சு. கே-யோட காலிடுக்குல கோயில் குங்குமம், ஆறோட வயித்துல இட்லி மாவு காஞ்சு கெடக்கு, நாலுல செவப்பு நூலு ஒண்ணு மாட்டியிருக்கு, ஏழுல ஏதோ ஒரு வீட்டு மீன் கொழம்பு வாசம். சவரிமுத்து தொடைக்கல. தொடைக்க மனசு வரல. பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டு இருந்தாரு.

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டரம்மா வந்துச்சு, பின்னால கிரேன் வந்துச்சு, அதுக்குப் பின்னால ஊரே வந்துச்சு. நம்பரு திரும்பி வந்துருச்சுங்கிற சேதி பரவி, கோட்டைச்சாமி தலைமையில விசிலடிக்கிறாங்க. இவரு பேப்பரு, பென்சிலோட பானட்டுக்கு உள்ள இடுப்பு வரைக்கும் குனிஞ்சாரு. பேப்பரை அமுக்குனாரு. பென்சிலைப் படுக்கப் போட்டாரு. அப்ப பானட்டுக்கு அந்தாண்ட மைமூனும் பொன்னுத்தாயியும் பேசிக்கிட்டது தகட்டு வழியா தெளிவாக் கேட்டுச்சு.

“கெடச்சிருச்சாம்ல மைமூனக்கா.”

“நல்லதாப் போச்சு, பாவம். ஒரு வீடு மிஞ்சும்.”

“ஆமா. நாளைக்கு கோழி அடிக்கலாம்னு இருந்தேன், எங்க வீட்டுக்கு மறுபடி வர்ற மொறை மாதிரி தோணுச்சு. இனி எதுக்கு வரப் போறாரு? நம்பரும் வராது, சவரிமுத்தண்ணனும் வர மாட்டாரு.”

“கூப்பிட்டாலும் வர மாட்டாருடி. காரணம் இல்லாம ஒரு வீட்டுக்குள்ள கால் வெக்கிற ஆளா அது?”

பென்சில் நின்னுருச்சு. உள்ள கிரீசு வாசம், வெளிய விசிலு. ஒரு பக்கம் பின் சீட்டு, தலகாணி, மேக்கூரைக் கிழிசலு, அரசாங்க முத்திரையோட தன் பேருக்கு ஒரு வீடு, சாகுற வரைக்கும். இன்னொரு பக்கம் கொதிக்காத ஒரு கோழிக் கொழம்பு. ரெண்டையும் அவரு எவ்வளவு நேரம் தூக்கிப் பாத்தாருன்னு தெரியாது, வெளிய ஒருத்தன் ஒரு பீடியை முழுசாக் குடிச்சு முடிச்சான்.

அப்புறம் பேப்பரை எடுத்துட்டு, குனிஞ்சு, நம்பருக்கு மட்டும் கேக்குற மாதிரி சொன்னாரு.

“போயிருப்பா. திரும்பிப் பாக்காம போயிரு.”

கட்டைவிரலுக்கு அடியில எறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சு. ஒவ்வொரு எழுத்தா எந்திரிச்சு, கே முன்னால போக, ஏழு கடைசியா ஒரு காலை இழுத்துக்கிட்டுப் போக, ரேடியேட்டர் பக்கமா எறங்கி மறைஞ்சுச்சு. சவரிமுத்து வெறும் தகட்டுல பேப்பரை வெச்சு, இருபத்தெட்டு வருஷத்துல தேய்க்காத அளவுக்கு நல்லா அழுத்தித் தேச்சு, இன்ஸ்பெக்டரம்மா கையில குடுத்தாரு. முழுக் கறுப்பு.

“நம்பர் இல்லம்மா.”

அந்தம்மா பேப்பரைப் பாத்துச்சு, அவரு கட்டைவிரல்ல ஒட்டியிருந்த குங்குமத்தைப் பாத்துச்சு, அவரு மூஞ்சியைப் பாத்துச்சு. “நல்லா தேடிட்டீங்களாய்யா? இன்னொரு தடவை வேணா எடுங்க. நான் இருக்கேன், அவசரமில்ல.”

“நான் தேடிக் கெடைக்காததுன்னா இல்லம்மா.”

அந்தாளு வாயால வந்த மொதப் பொய்யி அது. ரொம்ப மோசமாச் சொன்னாரு. ஆனா சொன்னது பென்சிலு, நம்பரு விசயத்துல அவரு வார்த்தைக்கு மேல அந்த ஆபீசுல வார்த்தை கெடையாது. அந்தம்மா கையெழுத்துப் போட்டுச்சு. தலகாணி, சட்டி, தட்டு, தம்ளரு எல்லாத்தையும் மைமூன் எறக்கி எடுத்துக்கிச்சு. கிரேன் கொக்கியைப் போட்டுத் தூக்குச்சு. கப்பல் நாலு சக்கரமும் தொங்க அந்தரத்துல ஒரு ஆட்டம் ஆடிட்டு லாரியில உக்காந்துச்சு. விசிலடிச்சவங்கெல்லாம் என்ன பண்றதுன்னு தெரியாம நின்னாங்க. “என்னய்யா, வீடு போச்சேய்யா”ன்னு கோட்டைச்சாமி மட்டும் சொன்னாரு, அதுல கிண்டல் இல்ல, அவருக்கே அது புதுசா இருந்துச்சு. சவரிமுத்து லாரி திரும்புற வரைக்கும் பாத்துக்கிட்டு நின்னாரு. அப்புறமும் கொஞ்ச நேரம் நின்னாரு.

மைமூன் கடைக்குப் பின்னால விறகு அடுக்குற அறையில தலகாணியைப் போட்டாரு. மறுநாள் பொன்னுத்தாயி ஆள் அனுப்புச்சு: சவரிமுத்தண்ணனை உடனே வரச் சொல்லு, நம்பரு எங்க வீட்டு அருவாமணையில வந்து உக்காந்திருக்கு.

போனாரு. அருவாமணையில விரலை வெச்சாரு. இரும்பு ஜில்லுன்னு இருந்துச்சு. நம்பரு இப்ப இல்லங்கிறது மட்டுமில்ல, எப்பவுமே இங்க வந்து உக்காரலன்னு விரலு சொல்லுச்சு. அந்த விரலுக்குப் பொய் சொல்லத் தெரியாது. பொன்னுத்தாயி அடுப்பைப் பாத்துக்கிட்டு, திரும்பாம நின்னுச்சு. அடுப்புல கோழி.

“ம்”ன்னாரு சவரிமுத்து. “கொஞ்சம் முந்திதான் போயிருக்காரு.”

“அப்படியாண்ணே? கையைக் கழுவுங்க.”

அன்னிக்கு ஆரம்பிச்சது. அதுக்கப்புறம் நம்பரை நெசமாப் பாத்தவங்க ஒருத்தரும் இல்ல, ஆனா நம்பரு வராத வீடும் இல்ல. இன்னிக்கு ஒரு வீட்டு உலக்கைப் பூண்ல, நாளைக்கு இன்னொரு வீட்டு சைக்கிள் பாருலன்னு ஆள் வரும், இவரு போவாரு, ஜில்லுன்னு இருக்குற இரும்புல விரலை வெப்பாரு, அந்த நேரம் மட்டும் அவரு கண்ணு எங்கேயோ போகும், நெசமா அது எங்க இருக்கோ, எந்த இரும்புல ஒண்டிக்கிட்டு இருக்கோன்னு. அப்புறம் “இப்பத்தான் போயிருக்காரு”ம்பாரு, வீட்டுக்காரங்க “அப்படியா”ம்பாங்க, எலை போட்ட எடத்துல உக்காருவாரு. ஊரு மொத்தமும் ஒருத்தருக்குப் பொய் சொல்லி, ஒருத்தரு ஊரு மொத்தத்துக்கும் பொய் சொல்லி, யாரும் யாரையும் காட்டிக் குடுக்கல.

ஒரே ஒரு நாள் தப்பிருச்சு. தங்கையா மச்சினன் கல்யாணத்துக்கு ஊரே வேன் புடிச்சுப் போயிருச்சு, மைமூன் மக பிரசவத்துக்குக் கடையைப் பூட்டிட்டுப் போயிருச்சு. காலையில இருந்து சவரிமுத்து ஆபீசு வாசப் பெஞ்சுல உக்காந்திருந்தாரு. ஞாயித்துக்கிழமை, வண்டியும் இல்ல. பென்சிலைச் சீவுனாரு. மத்தியானம் ஆச்சு, ஒருத்தரும் ஆள் அனுப்பல. மறுபடி சீவுனாரு. பென்சில் பாதியாச்சு. பசியை விட, இன்னிக்கு ஒருத்தருக்கும் தன்கிட்டப் பொய் சொல்லத் தோணலியேங்கிறதுதான் அவருக்கு வலிச்சுச்சு. வெளக்கு வெக்கிற நேரத்துல செருப்பைத் தேய்ச்சுக்கிட்டு யாரோ வந்தாங்க. பாத்தா கோட்டைச்சாமி. மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு, கடன்காரனைப் பாத்த மாதிரி நின்னாரு.

“யோவ்.”

“என்னண்ணே?”

“எங்க வீட்டுக்கு வந்திருக்குய்யா. உன் நம்பரு.”

“எதுல வந்திருக்கு?”

கோட்டைச்சாமி அதை யோசிச்சுட்டு வரல. வேப்பமரத்தைப் பாத்தாரு, வானத்தைப் பாத்தாரு. “சோத்துப் பானையில.”

“பானை என்னது? அலுமினியமா?”

“அலுமினியம்தான்.”

“அலுமினியத்துல அந்த எழுத்து நிக்காதேண்ணே.”

“நிக்கும்யா. நான் சொல்றேன்ல, நிக்கும். எந்திரி, ஆறிப் போகப் போகுது.” நாலு எட்டு வெச்சவரு, திரும்பிப் பாக்காமயே சொன்னாரு: “வா, சவரிமுத்து.”

சவரிமுத்து எந்திரிச்சாரு. சீவுன பென்சிலைச் சட்டைப் பையில சொருகிக்கிட்டு, ஒரு வெள்ளைப் பேப்பரை மறக்காம எடுத்துக்கிட்டு, பின்னாலயே போனாரு.

அம்புட்டுத்தான் கதை. வாயைத் திறந்து கேட்டவங்க எல்லாம் இப்ப கையைத் திறக்கணும்: ஆளுக்கு ஒரு பருப்பு வடை, சூடா, நடுவுல ஓட்டை இல்லாததா. ஏமாத்திட்டு வண்டியை எடுக்கலாம்னு பாக்காதீங்க. வெளிய நிக்கிற உங்க வண்டியெல்லாத்துக்கும் நம்பரு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும், அதுங்ககிட்ட “போயிருப்பா”ன்னு ஒரு வார்த்தை சொல்ல எனக்கு எவ்வளவு நேரமாகும்?